விற்காமல் நின்ற பச்சைக் கார்

அந்த இளைஞன் முதலில் ஆங்கிலத்தில்தான் பேசினான். நான் வேலை செய்த கார் விற்பனை நிலையத்தின் கணக்குப் பகுதிக்கு வருகிற அழைப்புகள் எல்லாம் ஒரே மாதிரியானவை. வரிப் பத்திரம் வரவில்லை என்பார்கள், தவணை இரண்டு தரம் வெட்டப்பட்டுவிட்டது என்பார்கள். இவன் கேட்டது அறுபதுகளின் கடைசியில் தொழிற்சாலையிலிருந்து எங்கள் நிலையத்துக்கு அனுப்பப்பட்ட ஒரு காரைப் பற்றி. அதனோடு வந்த இன்வொய்ஸின் பிரதி எங்களிடம் இன்னும் இருக்குமா என்று கேட்டான். திரும்ப அழைப்பதற்காக என் பெயரைச் சொன்னேன்.

"நீங்கள் தமிழோ?"

"ஓம்."

"அப்ப நான் தமிழிலயே கதைக்கிறன் அன்ரி. பிழை விட்டாச் சிரிக்கக் கூடாது."

ரொறன்ரோவில் பிறந்தவன். குளிர்சாதனப் பெட்டி திருத்துவது தொழில். சனி, ஞாயிறுகளில் ஒரு சிநேகிதனின் கராஜில் பழைய அமெரிக்கக் கார்களைக் கழற்றிப் பூட்டுவது பொழுதுபோக்கு. மசில் கார் என்று அவற்றைச் சொல்வார்கள். சாதாரண இரண்டு கதவுக் காரின் உடம்புக்குள் தேவைக்கு மிஞ்சிய பெரிய எஞ்சினை இறக்கி, அந்தக் காலத்து இளைஞர்களுக்காகச் செய்தவை. இப்போது அவற்றைத் தேடி வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள், ஆகவே போலிகளும் இருக்கின்றன. ஒரு கார் பிறக்கும்போதே அப்படிப் பிறந்ததா, அல்லது பிறகு யாரோ பெரிய எஞ்சினைப் பூட்டினார்களா என்பதற்குத் தொழிற்சாலைத் தாள்தான் சாட்சி.

"கம்பனி தந்த பதிவில உங்கட டீலர் இலக்கம் இருக்கு அன்ரி. கலர் மட்டும் வாசிக்கேலாமல் இருக்கு. இப்ப சிவப்பு அடிச்சிருக்கினம், அது பிறகு அடிச்சது. முந்தி வைச்சிருந்த ஆள் எல்லாத்தையும் தகடு தெரியச் சுரண்டிப்போட்டார். முதல் என்ன கலர் எண்டு தெரிஞ்சா அதையே திரும்ப அடிச்சுப்போடுவன்."

தேடிப் பார்க்கிறேன் என்றேன். முதலாளியைக் கேட்காமல் அந்தப் பெட்டிகளைத் தொட முடியாது.

எங்கள் நிலையம் மொன்றியல் தீவின் மேற்கே, நெடுஞ்சாலை ஓரமாக இருந்தது. நான் குடியிருந்த பார்க் எக்ஸ்டென்ஷனிலிருந்து மெட்ரோவும் பஸ்ஸும் மாறிப் போய்வந்தேன். முதலாளி எழுபது கடந்தவர். தகப்பன் தொடங்கிய வியாபாரம். என்னை எப்போதும் மதாம் என்றுதான் அழைப்பார், நான் அவரை மிஸ்யூ என்பேன். இத்தனை வருடத்தில் நாங்கள் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போனதில்லை. ஆனால் என் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று கார்டெரி என்கிற பிள்ளைகள் காப்பகத்திலிருந்து போன் வந்த நாட்களில் எல்லாம், ஏன் என்று ஒரு வார்த்தை கேட்காமல் தன் காரில் கொண்டுபோய் இறக்கிவிட்டவர். பேச்சு முழுக்கப் பிரெஞ்சில்தான், ஆங்கிலத்தில் அவர் வாய் திறப்பதில்லை. அவர் சொன்னதை இங்கே நான் என் தமிழில்தான் எழுத முடியும்.

விஷயத்தைச் சொன்னதும் முகம் மலர்ந்தார். "மேலே இருக்கும். அப்பா ஒரு தாளையும் எறிந்ததில்லை. என் முழங்காலுக்கு அந்தப் படி ஒத்துவராது, நீங்களே பாருங்கள்."

மதிய இடைவேளைகளில் மேலே போய்த் தேடினேன். அந்தக் கால இன்வொய்ஸ்களின் குறியீடுகள் எனக்கு விளங்கவில்லை. நாலைந்தைக் கீழே கொண்டுவந்து அவரிடம் காட்ட, கோப்பியைக் குடித்துக்கொண்டே விளக்கினார்.

"காருக்கு முன்னால் இன்வொய்ஸ் வந்துவிடும், மதாம். கார் தொழிற்சாலை வாசலைத் தாண்டினவுடனேயே வங்கி எங்கள் சார்பில் கம்பனிக்குப் பணத்தைக் கட்டிவிடும். பிறகு கார் ரயிலில் வரும், ரயிலடியிலிருந்து பெரிய லொறியில் வரும். அது இன்னும் வழியில் நிற்கும்போதே எங்கள் தலையில் வட்டி ஏறத் தொடங்கிவிடும். விற்கும்வரை ஏறும்."

"இப்பவும் அப்படித்தானே மிஸ்யூ," என்றேன். தினமும் நான் செய்த வேலையே அதுதான். ஒரு கார் விற்றதும் வங்கிக்கு அதன் கணக்கை அடைப்பது. தாள் இருந்த இடத்தில் திரை வந்திருந்தது, அவ்வளவுதான்.

"அப்படித்தான். ஆனால் அப்போது கம்பனியின் ஆள் நேரே வருவான். அப்பாவைச் சாப்பாட்டுக்குக் கூட்டிக்கொண்டு போவான். அப்பாவுக்கு வேண்டியது நாலு கதவுக் குடும்பக் கார்கள். மொன்றியல் பனியில் யார் அந்தப் பேய் எஞ்சினை வாங்குவார்கள்? ஆனால் அவன், குடும்பக் கார் கூடுதலாக வேண்டுமென்றால் இதில் ஒன்றும் எடு என்பான். எடுக்காவிட்டால் அடுத்த மாதம் நல்ல கார்கள் பக்கத்து ஊர் டீலருக்குப் போய்விடும்."

அந்தக் காலத்தை அவர் ரசித்துச் சொல்வதாகவே எனக்குப் பட்டது. அடுத்த நாள் இளைஞன் தந்த இலக்கத்தோடு பொருந்துகிற தாள் கிடைத்தது. கார்பன் பிரதி, மெல்லியது. எஞ்சின், நாலு கியர்ப் பெட்டி, இருக்கைத் துணி, அனுப்பு கூலி, எங்கள் நிலையத்தின் பெயர், வங்கியின் பெயர். நிறத்துக்கு நேரே ஒரு குறியீடு, பக்கத்தில் கடும் பச்சை என்று அச்சு. வாங்கியவர் பெயர் வரவேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. ஒருவரும் சொல்லிவைத்து வாங்காத, நிலையத்தில் நிறுத்திவைத்து விற்பதற்காக எடுத்த கார்.

சந்தோஷமாகத்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். மூக்குக் கண்ணாடியைப் போட்டு வாசித்தார். திரும்ப மேலேயிருந்து வாசித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"இந்தக் கார் இன்னும் இருக்கிறதா?"

"ரொறன்ரோவில் இருக்கிறது மிஸ்யூ."

"அது இருக்க முடியாது," என்றார். கதவைச் சாத்திவிட்டு இருக்கச் சொன்னார்.

அவருக்கு ஒரு அண்ணன் இருந்து விபத்தில் இறந்தார் என்று நிலையத்தில் எல்லாருக்கும் தெரியும். அதற்கு மேல் ஒருவருக்கும் தெரியாது. அன்று சொன்னார். தகப்பன் வேண்டாவெறுப்பாக எடுத்த அந்தப் பச்சைக் கார் கோடை முழுக்க விற்காமல் நின்றிருக்கிறது. இலையுதிர் காலமும் வந்துவிட்டது. பொடியன்கள் வந்து வந்து பார்ப்பார்கள், எஞ்சினைப் போடச் சொல்லிக் கேட்பார்கள், போய்விடுவார்கள். வங்கிக்கு வட்டி போய்க்கொண்டிருந்தது. கடைசியில் தகப்பன், டீலர்மாருக்கென்று உள்ள தற்காலிக இலக்கத் தகட்டை அதில் மாட்டி, மூத்த மகனிடம் சாவியைக் கொடுத்தார். ஊரெல்லாம் ஓடிக் காட்டு, பார்க்கிறவன் எவனாவது வாங்குவான் என்றார்.

"அண்ணனுக்கு அந்தக் காரில் அவ்வளவு விருப்பம் இல்லை. அப்பா சொன்னதால் ஓட்டினான். முதல் பனி விழுந்த அன்று, ஏரிக்கரை வீதியில், சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூ பக்கமாக..." கையை இடது பக்கம் சரித்துக் காட்டினார். அவ்வளவுதான் சொன்னார்.

பிறகு, அதைவிட மெதுவாக, வேறொன்று சொன்னார். அண்ணனைப் புதைத்த அதே கிழமை வங்கியின் ஆள் வழமையான பரிசோதனைக்கு வந்திருக்கிறார். வங்கியின் பணத்தில் எடுத்த கார் ஒவ்வொன்றும் நிலையத்தில் நிற்கிறதா என்று இலக்கம் இலக்கமாகப் பார்க்கிற பரிசோதனை. அந்த ஆளுக்கு ஒன்றும் தெரியாது. தகப்பன் கூடவே நடந்திருக்கிறார். பள்ளிக்கூடம் போகாமல் நின்ற இவரும் பின்னால் நடந்திருக்கிறார். வரிசை முடிந்ததும் அந்த ஆள், பச்சைக் கார் ஒன்று குறைகிறதே, விற்றுவிட்டீர்களா என்று கேட்டார்.

"அப்பா வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. நான்தான் சொன்னேன். உடைந்துவிட்டது என்று சொன்னேன், மதாம். என் அண்ணன் செத்துப்போனான் என்று சொல்லியிருக்கலாம். கார் உடைந்துவிட்டது என்று சொன்னேன்."

எனக்கும் ஊரில் ஒரு அண்ணை இருந்தார். ஒரு காலை வேலைக்குச் சைக்கிளில் போனவர் திரும்பி வரவில்லை. சைக்கிளை மட்டும் யாரோ கொண்டுவந்து வேலியில் சாத்திவிட்டுப் போயிருந்தார்கள். அம்மாவால் அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. தூரத்துச் சொந்தக்காரர் ஒருவருக்குக் கொடுத்துவிட்டார். அவர் அதில்தான் சந்தைக்குப் போவார். எங்கள் ஒழுங்கையால் போகும்போது மணி அடிக்க மாட்டார், அவ்வளவு நல்ல மனிதர். ஆனால் செயின் மூடி உரசுகிற சத்தம் ஒன்று அந்தச் சைக்கிளுக்கு இருந்தது. அது கேட்டால் அம்மா செய்துகொண்டிருந்த வேலையை அப்படியே விட்டுவிடுவார். சத்தம் ஒழுங்கை முடக்குத் தாண்டும்வரை அசையமாட்டார். பிறகு தொடர்வார். இதை முதலாளியிடம் நான் அன்றும் சொல்லவில்லை, பிறகும் சொல்லவில்லை.

"அவனை வரச் சொல்லுங்கள்," என்றார். "நான் சொன்னது எதையும் அவனிடம் சொல்ல வேண்டாம். கார் வரட்டும். பார்க்க வேண்டும்."

ஒரு சனிக்கிழமை வந்தான். பெரிய வாகனத்தின் பின்னால் இழுவைப் பெட்டியில் காரை ஏற்றிக்கொண்டு, வழியெல்லாம் மழையில் வந்திருந்தான். முப்பது வயதிருக்கும். தொப்பியைத் திருப்பிப் போட்டிருந்தான். என்னைக் கண்டதும் கை கூப்புவதா கை கொடுப்பதா என்று தெரியாமல் இரண்டையும் செய்தான். பிறந்த வீட்டைக் காட்டப் பிள்ளையைக் கூட்டிவந்த தகப்பன் மாதிரி ஒரு பெருமை அவன் முகத்தில். எங்கள் வாசலில் மின்சாரக் கார்கள் சத்தமில்லாமல் நின்றன. அவற்றின் நடுவே அந்தச் சிவப்புக் காரைப் பின்பக்கமாக இறக்கி எஞ்சினைப் போட்டான். கண்ணாடிகள் அதிர்ந்தன. திருத்துகிற பகுதியிலிருந்து எல்லாரும் கை துடைத்தபடி வெளியே வந்துவிட்டார்கள்.

முதலாளி கோட்டுப் போடாமலே வந்தார். காருக்கு முன்னால் நிற்கவில்லை. நேரே இடது பக்கம் போய், கதவுக்கு மேலே கூரை தொடங்குகிற இடத்தில் உள்ளங்கையை வைத்தார்.

"அன்ரி, ஐயாவை உள்ளுக்கு இருக்கச் சொல்லுங்கோ. ஆசையா இருக்கும்."

"இந்தப் பக்கம் எப்போதாவது அடிபட்டதா என்று கேளுங்கள், மதாம்."

கேட்டேன். இளைஞன் எஞ்சினை நிறுத்தினான். சுற்றி நின்றவர்கள் ஒவ்வொருவராக உள்ளே போகும்வரை காத்திருந்துவிட்டுச் சொன்னான்.

"ஓம் அன்ரி. கழட்டேக்கதான் கண்டன். இடப் பக்கம் முழுக்க வேற காரின்ர தகடு. கூரையும் வேற. அந்தக் காலத்திலயே ஆரோ நல்லா ஒட்டியிருக்கினம். இதுக்குள்ள இருந்த ஆள் தப்பியிருக்காது எண்டு என்ர சிநேகிதன் சொன்னவன். நான் அதைப் பற்றி யோசிக்காமல் விட்டிட்டன்."

நான் முதல் பாதியை மட்டும் பிரெஞ்சில் சொன்னேன். முதலாளி என்னையே பார்த்தார்.

"அவன் இன்னும் பேசினான். மிச்சத்தையும் சொல்லுங்கள்."

சொன்னேன்.

"அவனுடைய சிநேகிதன் சொன்னது சரி என்று சொல்லுங்கள். என் அண்ணன் என்று சொல்லுங்கள்."

அலுவலகத்துக்கும் தமிழருக்கும் நடுவில் நின்று எத்தனையோ பேச்சை நான் மொழிபெயர்த்திருக்கிறேன். குடிவரவு அலுவலகத்தில், ஆசுப்பத்திரியில், பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தில். அன்று போல் ஒரு வரிக்குச் சொல் தேடியதில்லை.

"தம்பி, இதுக்குள்ள இருந்தது இவற்ர அண்ணை."

அவன் தொப்பியைக் கழற்றினான். காரை ஒரு தரம் பார்த்தான், பிறகு பார்க்காமல் நின்றான். ரொறன்ரோவிலிருந்து கூட்டிவந்த அந்தப் பெருமை முகத்திலிருந்து மெல்ல மெல்ல வடிந்ததை நான் கண்டேன்.

"எனக்குத் தெரியாது அன்ரி. சத்தியமாத் தெரியாது. தெரிஞ்சிருந்தா இப்பிடிச் சத்தம் போட்டுக்கொண்டு வந்து நிண்டிருக்க மாட்டன். நான் இதை வைச்சிருக்கிறது அவருக்குக் கஷ்டமோ எண்டு கேளுங்கோ."

கேட்டேன். மழை திரும்பவும் தூறத் தொடங்கியது. முதலாளி சட்டைப் பைக்குள்ளிருந்து அந்த இன்வொய்ஸை எடுத்து அவனிடமே நேரே நீட்டினார்.

"இது உன்னுடையது. கடும் பச்சை. உன்னுடைய கார், நீ வைத்திரு. ஆனால் நான் இருக்கும்வரை பச்சை அடிக்காதே."

நான் தமிழில் சொல்லி முடிக்குமுன் அவனுக்கு விளங்கிவிட்டது. தலையாட்டினான். "ஓம் எண்டு சொல்லுங்கோ அன்ரி."

உள்ளே வந்து கோப்பி குடிக்கச் சொன்னேன், மாட்டேன் என்றான். எஞ்சினைப் போடாமலே, எங்கள் ஆட்கள் இருவர் கைகொடுக்க, காரைத் தள்ளியே இழுவைப் பெட்டியில் ஏற்றினான். மழைக்குள் தள்ளியே ஏற்றினான்.

அன்று பஸ்ஸில் வரும்போது மனம் சரியாக இல்லை. யாரிடமும் குறை காண முடியவில்லை, அதுதான் பாரமாக இருந்தது. அவன் அந்த நிறத்தைத் தேடித்தான் அவ்வளவு தூரம் வந்தான். அது என்ன நிறம் என்று தெரிந்துகொண்டு, அதை அடிக்க முடியாமல் திரும்பிப் போகிறான்.

பனிக்காலம் முழுவதும் அதைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. முதலாளி கொஞ்சம் தளர்ந்திருந்தார். காலையில் பிந்தி வருவார். வந்தால் கண்ணாடிக்கு அப்பால் வாசலில் நிற்கிற கார்களையே பார்த்துக்கொண்டிருப்பார். வீதியோரப் பனி கரைந்து கறுத்துப்போயிருந்த ஒரு நாள், என் மேசைக்கு வந்து எதிரே இருந்தார். அவருக்கு அப்படி வந்து இருக்கிற பழக்கம் இல்லை.

"மதாம், அந்தப் பையனுக்குப் போன் எடுங்கள்."

"என்ன சொல்ல மிஸ்யூ?"

"அந்தப் பச்சை எனக்கு ஞாபகம் வரவில்லை. இந்தப் பனிக்காலம் முழுக்க முயன்றேன். இருக்கைத் துணியின் வாசம் ஞாபகம் இருக்கிறது. அண்ணன் மூடியைத் திறந்து எனக்கு எஞ்சினைக் காட்டியது ஞாபகம் இருக்கிறது. வங்கிக்காரனின் சப்பாத்துக்கூட ஞாபகம் இருக்கிறது. பச்சை என்று நினைத்தால் அந்தத் தாளில் இருக்கிற சொல்தான் வருகிறது. நிறம் வரவில்லை." கைகளைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "ஒரு தரம் பார்க்க வேண்டும். அடிக்கச் சொல்லுங்கள்."

போன் எடுத்தேன். அவன் உடனே சம்மதிக்கவில்லை. "அவர் சும்மா எனக்காகச் சொல்லுறாரோ அன்ரி?" என்று கேட்டான். "இல்லைத் தம்பி. தனக்காகத்தான் கேக்கிறார்," என்றேன். அதன் பிறகுதான் ஒத்துக்கொண்டான். நிறத்தைச் சரியாகக் கலக்க ஆள் தேடி, இரண்டு தரம் அடித்து, சரியில்லையென்று திரும்பச் சுரண்டி, கோடை பிறந்த பிறகுதான் முடித்தான்.

இம்முறை இழுவைப் பெட்டியில் ஏற்றவில்லை. ரொறன்ரோவிலிருந்து ஓட்டிக்கொண்டே வந்தான். வாசலுக்குத் தூரத்திலேயே எஞ்சினைத் தணித்து, சத்தம் கூடாதபடி உருட்டிக்கொண்டு வந்து நிறுத்தினான். முதலாளி கதவடியில் நின்றார். வெயிலில் அந்தப் பச்சை, சவுக்க மரத்தின் இலை மாதிரி, கிட்டத்தட்டக் கறுப்பாக இருந்தது. கிட்டப் போனால்தான் பச்சை. சுற்றி ஒரு தரம் நடந்தார்.

"இதைவிடக் கடுமை என்று நினைத்திருந்தேன்," என்றார்.

"பிழையோ அன்ரி?" என்று அவன் பதறினான்.

"இல்லை, இல்லை. இதுதான்." சொல்லிவிட்டு அவர் வலது பக்கக் கதவைத் திறந்து ஏறி இருந்தார். அவன் என்னைப் பார்த்தான். மொழிக்கு ஆள் வேண்டுமே. முன் இருக்கையை மடித்து, சேலை கட்டாத நாள் என்பதற்கு நன்றி சொல்லிக்கொண்டு, நான் பின்னால் நுழைந்தேன்.

எங்கே போவது என்று அவன் கேட்கவில்லை. முதலாளி கையால் காட்டிக் காட்டிப் போனார். மேற்கே, ஏரிக்கரை வீதியில். மரங்களுக்கு இடையில் தண்ணீர் தெரிந்து தெரிந்து மறைந்தது. பாய்மரப் படகுகள் நின்றன. ஒரு வளைவுக்கு முன்னால் கையைக் கொஞ்சம் உயர்த்தினார். அவன் வேகத்தைக் குறைத்தான். வளைவு தாண்டியது. பெரிய மரம் ஒன்று, ஒரு தபால் பெட்டி, யாரோ புல் வெட்டிக்கொண்டிருந்தார்கள். கையை மடியில் திரும்ப வைத்துக்கொண்டார்.

அதன் பிறகுதான் பேசத் தொடங்கினார். அண்ணன் சாப்பாட்டு மேசையில் எப்படி எல்லாருடைய ரொட்டியையும் எடுத்துத் தின்பான், தேவாலயப் பாடகர் குழுவிலிருந்து இவன் குரல் வேண்டாம் என்று எப்படி அனுப்பிவிட்டார்கள், காதலித்த பெண் பிறகு யாரை மணந்தாள். நான் ஒவ்வொன்றாகத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தேன். அவன் வீதியிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டுக்கொண்டு ஓட்டினான்.

"அண்ணைக்கு ஓட்டம் எப்பிடி எண்டு கேளுங்கோ அன்ரி."

முதலாளி யோசித்தார். "நன்றாக ஓட்டுவான். உன்னை மாதிரி, நிதானமாக. அன்று பனி."

சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில் கால்வாய்க்கரையில் நிறுத்தி ஐஸ்கிறீம் வாங்கினோம். முதலாளி எங்கள் இருவரையும் காசு கொடுக்க விடவில்லை. படகுகள் தண்ணீர்க் கதவு திறக்கக் காத்திருந்தன. ஒரு குடும்பம் காரைப் படம் எடுக்கலாமா என்று கேட்டது. அவன் முதலாளியைப் பார்த்தான், அவர் எடுக்கட்டும் என்று தலையாட்டினார். சின்னப் பிள்ளையொன்று கதவில் கை வைத்தபோது அதன் தாய் பதறி இழுத்தாள். விடுங்கள், கை வைக்கட்டும் என்றார் முதலாளி.

திரும்பும்போது பேச்சு நின்றுவிட்டது. எஞ்சின் அவ்வளவு சத்தம் போட்டும், அவர் தலையைக் கதவுப் பக்கம் சாய்த்துத் தூங்கிவிட்டார். வாய் இலேசாகத் திறந்திருந்தது. நிலையம் தெரியத் தொடங்கியதும் அவன் கண்ணாடியில் என்னைப் பார்த்தான்.

"எழுப்பட்டோ அன்ரி?"

"வேண்டாம் தம்பி. இன்னும் ஒரு சுத்துச் சுத்தும்."

நிலையத்து வாசலைத் தாண்டி, கோடைக்கால வெயில் சரிந்துகொண்டிருந்த நெடுஞ்சாலைப் பக்க வீதியில், மெதுவாகவே ஓட்டிக்கொண்டு போனான்.